ஒரு வாரக் குடித்தனம்

லண்டனிலிருந்து காலையில் கிளம்பும் சுற்றுலாப் பேருந்துகளில் பல, மதியத்துக்குள் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியின் பைபரி கிராமத்தில் வந்து நிற்கின்றன. ஓடையை ஒட்டி ஆர்லிங்டன் ரோ என்றொரு வீட்டு வரிசை. 1380 வாக்கில் துறவிகள் கம்பளி சேர்த்துவைக்கக் கட்டிய கிடங்கு, பதினேழாம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாறியது. வண்டியை விட்டு இறங்கியவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள், அடுத்த கிராமத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பொழுது சாய்வதற்குள் நாலு கிராமம் முடிந்துவிடும். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைப் பார்த்தாயிற்று என்ற கணக்கும் முடிந்துவிடும். இவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கையிலிருப்பது ஒரே நாள் என்றால் வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் ஆங்கிலேயக் கிராமத்தில் பார்ப்பதற்கென்று தனியாகப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு தேவாலயம், ஒரு பப், இருந்தால் ஒரு கடை, நாற்பது ஐம்பது வீடு, சுற்றிலும் ஆடு மேயும் நிலம், அவ்வளவுதான். அங்கே உண்மையில் இருப்பது ஒரு நடைமுறை: எந்த மாதம் எந்த வயலில் என்ன வேலை, எந்தக் கிழமை எந்தக் கதவு திறக்கும், எந்தப் பாதை எந்தப் பண்ணை முற்றத்தைக் குறுக்கே கடக்கும் என்கிற ஒழுங்கு. அது ஒரு பார்வையில் பிடிபடாது. அதனால், சமையலறையோடு கூடிய ஒரு வீட்டை வார வாடகைக்கு எடுத்து, ஒரே ஊரில் தங்கி, தானே பொங்கித் தின்று, கால்நடையாகச் சுற்றுவதுதான் அந்த நாட்டுப்புறத்தைத் தெரிந்துகொள்ளச் சரியான வழி என்பது என் கட்சி. இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் ஒன்று உண்மையிலேயே சங்கடமானது.

பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட ஓரிடத்தில் வைத்துப் பார்க்கலாம். யார்க்ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் வடபகுதியில் ஸ்வேல் ஆறு ஓடும் பள்ளத்தாக்குக்கு ஸ்வேல்டேல் என்று பெயர். மேலே கெல்ட், பிறகு த்வெய்ட், மியூக்கர், கன்னர்சைட், ரீத் என்று ஊர்கள் இறங்கிவரும். ஆறு ரிச்மண்ட் கோட்டைக்குக் கீழாகப் போய்ச் சமவெளியைத் தொடும். தேசியப் பூங்கா என்றதும் வேலிக்குள் அடைத்த காட்டை நினைக்க வேண்டாம். 1954-ல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவுக்குள் இருப்பவை ஊர்களும் பண்ணைகளும் தனியார் நிலங்களுமே. ஜூன் மாதத்தில் மியூக்கரைச் சுற்றியுள்ள புல்வெளிகள் பூத்துக் கிடக்கும்: ஊதாவில் வுட் கிரேன்ஸ்பில், மஞ்சளில் யெல்லோ ராட்டில், கருஞ்சிவப்பில் கிரேட் பர்னெட். படத்தில் பார்ப்பவருக்கு இது இயற்கையின் அழகு. உழவருக்கு இது மாட்டுத் தீவனம். வசந்தத்தின் முடிவில் ஆடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிவிட்டு வயலை அடைத்துவிடுகிறார்கள். புல் வளர்ந்து, பூத்து, விதை உதிர்ந்தபின் ஜூலையில் அறுத்துக் காயவைக்கிறார்கள். யெல்லோ ராட்டில், புல்லின் வேரில் ஒட்டிக்கொண்டு அதன் சத்தை உறிஞ்சி வாழும் செடி. அது புல்லை அடக்கிவைப்பதால்தான் மற்றப் பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கிறது. சீக்கிரம் அறுத்தாலும் ரசாயன உரம் போட்டாலும் ஏற்பாடு குலைந்துவிடும். 1930-களுக்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய பூப்புல்வெளிகளில் சுமார் 97 சதவீதம் அழிந்துபோனதற்கு இவை பெரிய காரணம். வயலுக்கு வயல் நிற்கிற கல் கொட்டில்களும் இதே வேலையின் பகுதி. மேலே காய்ந்த புல், கீழே குளிர்காலம் முழுக்க நாலைந்து மாடுகள், வசந்தம் வந்ததும் அந்தச் சாணம் அதே வயலுக்கு. புல்லைச் சுமந்துகொண்டு ஊருக்குள் வர வேண்டிய தேவையே இல்லாதபடி யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

கொட்டில்களுக்கு நடுவே சாந்தே இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள். பூங்கா முழுவதுமாக எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். பாதை சுவரைக் கடக்கும் இடத்தில் ஓர் இடுக்கு விட்டிருப்பார்கள். முழங்காலுக்குக் கீழே மிகக் குறுகல், மேலே போகப்போகச் சற்று அகலம். மனிதர் ஒருக்களித்து நுழைந்துவிடலாம், சினை ஆட்டால் முடியாது. அதைத் தாண்டியதும் ஒருவர்பின் ஒருவராக நடக்கச் சொல்லும் சின்னப் பலகை. முதல் நாள் அதைப் படிப்பவருக்கு அது வெறும் விதி. மழை விட்ட நாலு நாளுக்குள் அறுத்து, புரட்டி, உருட்டிவிட வேண்டும் என்று அந்த வயலில் இரவு ஒன்பது மணிக்கும் டிராக்டர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தபின், மிதிபட்டுச் சாய்ந்த புல் அறுக்கும் கத்திக்கு எட்டாது என்பது தானாகவே விளங்கும். பேருந்தில் வந்தவருக்கும் ஓர் இரவு ஹோட்டலில் தங்கியவருக்கும் பலகை மட்டும்தான் கிடைக்கிறது, டிராக்டர் கிடைப்பதில்லை.

இந்த வீடுகள் எப்படி வாடகைக்கு வந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்வேல்டேல் ஆட்டுக்குப் பெயர்போனதற்கு முன் ஈயத்துக்குப் பெயர்போன இடம். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மலையைக் குடைந்து ஈயத் தாது எடுத்தார்கள். அதை உருக்கிய ஆலைகளின் இடிபாடு கன்னர்சைட் கில் ஓடையோரமும் ஓல்ட் கேங்கிலும் இன்றும் கிடக்கிறது. சுரங்கத் தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம், ஒரு மாடு. வீட்டில் ஆணும் பெண்ணும் கம்பளிக் காலுறை பின்னுவார்கள். 1880-களில் ஸ்பெயினிலிருந்து மலிவான ஈயம் வந்து குவிந்ததும் விலை சரிந்தது, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. குடும்பங்கள் டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் லங்காஷயர் பஞ்சாலைகளுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டன. மியூக்கரில் 1867-ல் கட்டிய படிப்பகம், ஊர் செழிப்பாக இருந்த காலத்தின் சாட்சி. இன்று மியூக்கர் நிர்வாகப் பகுதி முழுவதும் சேர்த்தே ஏறத்தாழ 250 பேர்தான். வெளியேறிய குடும்பங்கள் விட்டுப்போன வீடுகள் தடித்த சுவர்களும் சிறிய ஜன்னல்களும் கொண்டவை. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. இருபதாம் நூற்றாண்டில் சம்பளத்தோடு விடுமுறையும் கையில் காரும் வந்தபோது நகரத்தவர்கள் அவற்றைத் தேடி வந்தார்கள். அதாவது விடுமுறைக்காரர்கள் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஊர் பாதி காலியாகிவிட்டது. இதைச் சொல்வது யாரையும் குற்றத்திலிருந்து விடுவிப்பதற்காக அல்ல. இன்றைய நிலைமை வேறு, அதற்கு வருகிறேன்.

வீட்டு ஏற்பாடு கிட்டத்தட்ட எங்கும் ஒரே மாதிரிதான். வெள்ளி அல்லது சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் உள்ளே போகலாம். வார முடிவில் காலை பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும். சாவியைக் கொடுக்க ஆள் இருக்காது. வாசல் நிலைக்குப் பக்கத்தில் எண்பூட்டுப் போட்ட ஒரு சிறிய இரும்புப் பெட்டி இருக்கும், எண் முன்கூட்டியே வந்துவிடும். உள்ளே சமையலறை மேசைமேல் தேயிலை, ரொட்டி, பிஸ்கட், குளிர்பெட்டியில் ஒரு பாட்டில் பால். பக்கத்தில் ஒரு கோப்பு. அந்தக் கோப்பைப் புத்தகக் கடையில் கிடைக்கும் எந்த வழிகாட்டி நூலுக்கும் மேலாக மதிக்க வேண்டும். எந்தக் குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது, கழிவுநீர்த் தொட்டி நிலத்துக்கடியில் இருப்பதால் எதையெல்லாம் கழிப்பறையில் போடக்கூடாது, கைபேசிக்குச் சிக்னல் வேண்டுமானால் எந்த மேட்டில் ஏற வேண்டும், பனி கொட்டினால் எந்தச் சாலை முதலில் அடைபடும், பால்காரர் வருவாரா, மாட்டை ஓட்டிவரும் நேரத்தில் காரை எங்கே நிறுத்தக்கூடாது, எல்லாம் அதில் இருக்கும். விறகடுப்பு எரிக்கும் முறைக்குத் தனிப் பக்கம். 2021 முதல் இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். ஈர விறகைப் போட்டு அறையைப் புகையாக்கிக்கொண்டவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்காதவர்கள். சமையலறை இழுப்பறையில் உருளைக்கிழங்கு சீவும் கத்தி, டின் திறப்பான், முட்டைக் கிண்ணம் எல்லாம் கிடைக்கும். பிரஷர் குக்கரும் மிக்ஸியும் பெரும்பாலும் கிடைக்காது. மஞ்சள்தூளும் பருப்பும் வழியில் நகரத்திலேயே வாங்கிவிட வேண்டியவை. கடுகு தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, வரமிளகாயைக் கடைசியாகப் போடுவது நல்லது. கூரையிலிருக்கும் புகை எச்சரிப்பு மணி நம் தாளிப்பையும் தீவிபத்தையும் பிரித்தறியாது.

இந்தச் சமையலறையில்தான் என் வாதம் இருக்கிறது. ஹோட்டலில் தங்குகிறவருக்குச் சோறு தானாக வருகிறது. ஊரோடு அவருக்கு வேலையில்லை. சமைக்கிறவருக்கு வெங்காயம் தீர்ந்துபோகும். வெங்காயம் தீர்ந்தால் கடைக்குப் போக வேண்டும், கடை எப்போது திறந்திருக்கும் என்று கேட்க வேண்டும், இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டும். ரீத்தில் வெள்ளிக்கிழமை சந்தை. மலைக்கு அந்தப் பக்கம் ஹாஸ் ஊரில் செவ்வாய்க்கிழமை. ஹாஸுக்குப் போக பட்டர்டப்ஸ் கணவாயைக் கடக்க வேண்டும். 2014-ல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிய அதே மேடு. அங்கே வாங்கும் வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டிக்கு ஒரு கதை உண்டு. அதைச் செய்யும் ஆலையை 1992-ல் அதன் உரிமையாளரான பெருநிறுவனம் மூடிவிட்டு, உற்பத்தியைப் பரம்பரைப் போட்டி மாவட்டமான லங்காஷயருக்குக் கொண்டுபோனது. ஆலையின் முன்னாள் மேலாளர்கள் அதே ஆண்டு முடிவதற்குள் விலைக்கு வாங்கித் திறந்துவிட்டார்கள். பண்ணை வாசலில் ஒரு மரப்பெட்டியில் முட்டை வைத்திருப்பார்கள், அருகே காசு போட ஒரு டப்பா, காவலுக்கு யாரும் இல்லை. இதையெல்லாம் யாரும் சுற்றுலாத் தலமென்று பட்டியல் போடவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்விதான் ஆளை அங்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

விடுமுறைக்குப் போயும் அடுப்படியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி, பெண்கள் கேட்டால் இன்னும் நியாயம். நம் குடும்பங்களில் சமையல் யார் தலையில் விழும் என்பது ஊருக்குத் தெரிந்த சங்கதி. லண்டனிலிருந்து இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்களாகச் சேர்ந்து பெரிய வீடொன்றை எடுத்து, ஆண்கள் விறகடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்க, பெண்கள் பத்துப் பேருக்குப் பூரி சுட்டுப்போட்டுக்கொண்டிருந்தால் அதை விடுமுறை என்று சொல்ல முடியாது. வேலை செய்யும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. இதற்குச் சமையலறையை ஒழிப்பது பதிலாகாது, சமைக்கும் ஆளை மாற்றுவதுதான் பதில். ஒரு நாளைக்கு ஒருவர், ஒரே சட்டிச் சமையல், வாரத்தில் இரண்டு இரவு பப் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் பெரிய பாரமில்லை. அந்த இரண்டு இரவும் அவசியம். மியூக்கர் அளவுள்ள ஊரில் ஊர்க்காரர்கள் கூடும் இடம் அது ஒன்றுதான். ஞாயிறு மதியம் அங்கே ரோஸ்ட் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைக்காது என்பதையும் கோப்பு சொல்லியிருக்கும். பணத்தைப் பொறுத்தவரை, இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் பருவத்தைப் பொறுத்து வாரம் ஐந்நூறு பவுண்டிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் ஆகும். தனியாளுக்கு இது கட்டாது. நாலு பேருக்கு ஹோட்டலைவிடக் குறைவு. தனியாகப் போகிறவர்களுக்கு ரீத்துக்குப் பக்கத்தில் கிரிண்டன் லாட்ஜ் இளைஞர் விடுதி இருக்கிறது, அங்கும் பொதுச் சமையலறை உண்டு.

சமையலறைக்கு அடுத்தபடியாக வாசற்படி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் நடக்கச் சட்டப்படி உரிமையுள்ள பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர். தனியார் வயலைக் குறுக்கே வெட்டிப் போனாலும் அந்தப் பாதையை உரிமையாளர் அடைக்க முடியாது. இது சும்மா கிடைத்ததல்ல. 1932-ல் கிண்டர் ஸ்கௌட் மலையில் தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி ஏறினார்கள்; சிலர் சிறைக்குப் போனார்கள். 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தபோது ஒவ்வொரு மாவட்டமும் தன் பாதைகளை வரைபடத்தில் குறித்து உறுதிசெய்யக் கட்டாயப்படுத்தப்பட்டது. 2000-ஆம் ஆண்டின் சட்டம் மேட்டுத் தரிசுகளில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையைத் தந்தது. ஆர்டினன்ஸ் சர்வே அமைப்பின் 1:25,000 வரைபடத்தில் பொதுப்பாதைகள் பச்சைக் கோடுகளாக ஓடும்; ஸ்வேல்டேலுக்கு உரிய தாளின் எண் ஓஎல்30. மியூக்கரிலிருந்து ஆற்றோரமாகக் கெல்டுக்குப் போய், கிஸ்டன் குன்றின்மேல் ஏறித் திரும்பினால் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். அந்தக் குன்றுப் பாதை பழைய பிணப்பாதையின் துண்டு. 1580-ல் மியூக்கரில் தேவாலயம் கட்டும்வரை, மேல் பள்ளத்தாக்கில் இறந்தவர்களைப் பிரம்புப் பெட்டியில் வைத்து இருபது கிலோமீட்டருக்கும் மேல் தூக்கிக்கொண்டு கிரிண்டன் வரை நடந்தார்கள். வாகன நிறுத்துமிடத்தில் காரை விட்டு நடந்துவிட்டு ஏறிப் போகிறவரும் இதே பாதையில்தான் நடக்கிறார் என்று வாதாடலாம். நடக்கிறார், ஆனால் ஒரு முறை. தங்கியிருப்பவர் மழையில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை, பால் வாங்கப் போகிற வழியாக ஒரு முறை நடக்கிறார். முதல் நடையில் காட்சியாக இருந்தது மூன்றாம் நடையில் யாருடைய கொட்டில், யாருடைய நாய் என்று ஆகிவிடுகிறது.

இனி அந்தச் சங்கடமான மறுப்பு. நீங்கள் ஒரு வாரம் குடித்தனம் நடத்தி மகிழும் வீடு, அந்த ஊரில் பிறந்த ஒருவர் வாழ்நாள் முழுக்கக் குடித்தனம் நடத்தியிருக்க வேண்டிய வீடு. டேல்ஸ் பூங்காவில் ஐந்தில் ஒரு வீட்டுக்கும் மேல் நிரந்தரமாக யாரும் குடியிருப்பதில்லை. அங்குள்ள பண்ணையில் வேலை பார்க்கும் இளைஞரின் சம்பளத்துக்கும் அந்த வீடுகளின் விலைக்கும் சம்பந்தமே இல்லை. இளம் குடும்பம் இல்லாத ஊரில் பள்ளிக்கூடம் நிற்காது. ஸ்வேல்டேலின் கிளைப் பள்ளத்தாக்கான ஆர்க்கன்கார்த்டேலில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து நடந்துவந்த பள்ளி, விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு 2019-ல் மூடப்பட்டது. கோபம் இந்தப் பள்ளத்தாக்கோடு நிற்கவில்லை. கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊர் 2016-ல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே என்று முடிவு செய்தது. யார்க்ஷயர் கடற்கரையின் விட்பியில் 2022-ல் அதே கேள்விக்கு வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஆம் என்றார்கள். வரியிலும் அநீதி உண்டு. வாடகைக்கு விடும் வீடு குடியிருப்பு வரியிலிருந்து வணிக வரிக்கு மாறிக்கொள்ளலாம். அது சிறிய வீடாக இருந்தால் சிறு வணிகச் சலுகையில் வரியே இல்லாமலும் போகலாம். குப்பை அள்ளுவது ஊர், வருமானம் வேறெங்கோ.

இதற்கு, விருந்தினர்கள் பணம் செலவழிக்கிறார்கள், உள்ளூரில் துப்புரவு வேலை கிடைக்கிறது என்று வழக்கமாகச் சொல்லும் பதில் போதாது. சனிக்கிழமை பத்துக்கும் நாலுக்கும் இடையில் நாலு வீட்டின் படுக்கை விரிப்புகளை மாற்றும் வேலையை வைத்துக்கொண்டு அந்த ஊரில் வீடு வாங்க முடியாது. அரசு தாமதமாகவேனும் விழித்துக்கொண்டிருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து ஆண்டில் 140 இரவு வாடகைக்குத் திறந்திருந்து, அதில் 70 இரவாவது உண்மையில் ஆள் தங்கினால்தான் இங்கிலாந்தில் ஒரு வீடு வணிகக் கணக்கில் சேரும். 2025 ஏப்ரலில் விடுமுறை வாடகைக்கு இருந்த தனி வருமான வரிச் சலுகைகள் நீங்கின. அதே மாதத்திலிருந்து வடக்கு யார்க்ஷயர் மன்றம் இரண்டாம் வீடுகளுக்கு இரட்டை வரி விதிக்கிறது. இந்த விதிகள் ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்கின்றன. ஆண்டில் முந்நூறு இரவு இருண்டு கிடக்கும் செல்வந்தரின் இரண்டாம் வீடும், முப்பது வாரம் யாராவது அடுப்பு மூட்டும் வாடகை வீடும் ஒன்றல்ல. முதலாவது கடைக்கும் பப்புக்கும் எதையும் தருவதில்லை. இரண்டாவது எதையோ தருகிறது, ஆனால் ஒரு குடும்பத்தின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. இதை மறுக்க என்னால் முடியாது. விடுமுறை வீடுகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று ஓர் ஊர் கேட்டால், விருந்தினராகப் போகிறவர் அந்த ஊரின் பக்கம் நிற்பதுதான் மரியாதை.

ஆனால் எல்லா விடுமுறை வீடும் யாரோ ஒருவரின் வீடாக இருந்தது என்பதும் சரியல்ல. டேல்ஸில் பல வாடகைக் குடில்கள் பண்ணைக் கட்டடங்கள்: மாடு கட்டிய கொட்டில், குதிரை லாயம், பால் கறந்த கொட்டகை. பண்ணைக்காரர் அதைச் சீரமைத்து, விடுமுறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வாங்கி வாடகைக்கு விடுகிறார்; அவரே பக்கத்து வீட்டில் குடியிருக்கிறார். அவருக்கு அந்த வாடகை ஏன் தேவைப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலைப் பண்ணையில் ஆடு மட்டும் வளர்த்துப் பிழைப்பது நெடுங்காலமாகவே கடினம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நேரடி மானியம் பல பண்ணைகளைத் தாங்கிப்பிடித்தது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியபின் இங்கிலாந்தில் அந்த மானியம் 2021-லிருந்து படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2027-ல் முடிகிறது. அதன் இடத்தைப் பிடிக்க வந்த சுற்றுச்சூழல் திட்டங்கள் எல்லாருக்கும் ஈடு கட்டவில்லை. ஆக, கொட்டிலில் தங்கியவர் கொடுக்கும் வாடகையும் சேர்ந்துதான் அந்தப் பண்ணை நிற்கிறது. பண்ணை நின்றால்தான் ஜூலையில் புல் அறுக்க ஆள் இருப்பார்; புல்லை உரிய காலத்தில் அறுத்தால்தான் அடுத்த ஜூனில் புல்வெளி பூக்கும். பார்க்க வந்த காட்சிக்கும் தங்கிய வீட்டுக்கும் இவ்வளவு நேரான தொடர்பு உள்ள இடங்கள் சுற்றுலாவில் அதிகமில்லை. அதனால் எல்லா விடுமுறை வீட்டுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. வீட்டுக்காரர் அதே பள்ளத்தாக்கில் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும்தான் வாங்குகிறேன். முன்பதிவுக்கு முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் கஷ்டம் ஒன்றுமில்லை. நேரடியாகப் பதிவு செய்தால் இடைத்தரகு நிறுவனத்துக்குப் போகும் பங்கும் அவரிடமே நிற்கும்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்: சமையலறை இருப்பதாலேயே யாரும் ஊர்க் கடைக்குப் போய்விடுவதில்லை. வாரம் முழுமைக்குமான சாமான்களைக் கணினியில் தேர்ந்தெடுத்து, பெரிய அங்காடியின் வேன் மாலை ஐந்து மணிக்கு வாசலில் வந்து நிற்கும்படி செய்துகொள்கிற விருந்தினர்கள் உண்டு. அவர்கள் ஊரில் விட்டுப்போவது குப்பையை மட்டும்தான். இந்த வாதத்துக்கு அந்த வேன் எதிரி. பருப்பும் மசாலாவும் வெளியிலிருந்து கொண்டுவரலாம், அவை அங்கே கிடையாது. பாலையும் ரொட்டியையும் முட்டையையும் இறைச்சியையும் வெளியிலிருந்து கொண்டுவருவதற்குச் சாக்கு இல்லை. ஊர்க் கடையில் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ரிச்மண்டுக்குப் பக்கத்திலுள்ள ஹட்ஸ்வெல் கிராமத்தின் கதையை நினைத்துக்கொண்டால் அந்தக் கூடுதல் காசு உறுத்தாது. அங்கே ஜார்ஜ் அண்ட் டிராகன் என்ற ஒரே பப் 2008-ல் மூடப்பட்டது. ஊர்க்காரர்கள் பங்கு போட்டு வாங்கி 2010-ல் திறந்தார்கள். உள்ளே ஒரு குட்டி நூலகமும் ஒரு சிறிய கடையும் வைத்தார்கள். 2016-ல் அது பிரிட்டனின் சிறந்த பப்பாகத் தேர்வாயிற்று. இப்படிப்பட்ட இடங்களுக்கு உள்ளூர்க் கூட்டம் மட்டும் போதாது, வெளியாள் காசும் வேண்டும்.

இதெல்லாம் நடிப்பு, ஒரு வாரம் தங்கியவன் ஊர்க்காரனாகிவிடுவானா என்று கேட்பவர்களும் உண்டு. ஆகமாட்டான், ஆவதாக யாரும் சொல்லவில்லை. யார்க்ஷயர்க்காரர்களிடம் முப்பது வருஷம் குடியிருந்தாலே வந்தேறி என்ற பெயர் முழுதாகப் போகாது. ஊர்க்காரனாக வேண்டியதில்லை, ஊரின் வேலைக்கு இடைஞ்சலாக இல்லாமல், அதன் நேரங்களை அனுசரித்து இருக்கப் பழகினால் போதும். அதற்கு ஒரு வாரம் தாராளம்.

எப்போது போவது என்பதில் பலர் ஆகஸ்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பள்ளி விடுமுறை என்பதால். முடிந்தவர்கள் அதைத் தவிர்க்கலாம். வாடகை உச்சம், சாலை நெரிசல், புல்லும் அறுத்தாகிவிட்டது. ஏப்ரலில் குட்டி ஈனும் காலம், ஜூனில் பூ, அக்டோபரில் ஸ்வேல்டேல் கடாக்களை ஏலம் விடும் சந்தைகள் களைகட்டும், அங்கே பேசப்படும் தொகையைக் கேட்டால் ஆடு என்பது எளிய பிராணி என்ற எண்ணம் போய்விடும். நவம்பர் முதல் மார்ச் வரை வாடகை நன்றாகக் குறையும். வாடகை வீடுகள் இருண்டு கிடக்கும் காலமும் அதுதான், கடைக்கும் பப்புக்கும் ஆள் வேண்டிய காலமும் அதுதான். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் நடையைக் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். கார் இல்லாதவர்கள் லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து டார்லிங்டன் வரை ரயிலில் இரண்டரை மணி நேரம், அங்கிருந்து ரிச்மண்டுக்குப் பேருந்து. ரிச்மண்டுக்கு இருந்த ரயில் பாதையை 1969-லேயே மூடிவிட்டார்கள். அதற்கு மேல் பள்ளத்தாக்குக்குள் போக, உள்ளூர் மக்களே ஹாஸிலிருந்து நடத்தும் லிட்டில் ஒயிட் பஸ் சேவை உண்டு. நாளுக்குச் சில நடைகள்தான். கோடை அட்டவணையும் குளிர்கால அட்டவணையும் வேறு வேறு. எனவே வீட்டைப் பதிவு செய்வதற்கு முன்பே, வந்து சேரும் கிழமைக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதைத் தவறவிட்டால் ரிச்மண்டிலிருந்து மியூக்கருக்கு முப்பது கிலோமீட்டருக்கும் மேல் டாக்சி பிடிக்க வேண்டியிருக்கும்; அதையும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால்தான் வண்டி வரும்.